மலையேறிப் பார்க்க வேண்டிய குளங்கள்

கன்னியாகுமரிக்கு வரும் யாத்திரிகர்களில் பெரும்பாலோர், விடியற்காலையில் கடற்கரையில் நின்று சூரியோதயத்தைத் தரிசித்து, படகேறி விவேகானந்தர் பாறைக்கும் அதனருகே 133 அடி உயர்ந்து நிற்கும் திருவள்ளுவர் சிலைக்கும் சென்று, மாலையில் அஸ்தமனத்தையும் கண்டு, சங்கு வளையலும் வண்ண மணலும் வாங்கிக்கொண்டு அன்றிரவே ஊர் திரும்பிவிடுகிறார்கள். அவர்கள் கடலைக் காண வந்தவர்கள், கண்டார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் நாகர்கோவிலிலிருந்து குமரி முனைக்கு வரும் வழியில், சுசீந்திரத்தையும் தேரூரையும் கொட்டாரத்தையும் தொட்டுக்கொண்டு பரந்து கிடக்கும் அந்தக் குளநாட்டை, நீருக்கும் நெல்லுக்கும் நடுவே தலைநீட்டி நிற்கும் மருந்துவாழ்மலையோடு சேர்த்துக் காணாமல், பேருந்தின் ஜன்னல் வழியே அரைமணி நேரத்தில் கடந்து போய்விடுகிறார்களே என்பதுதான் என் மனக்குறை. அந்தக் குறை யாத்திரிகர்களைப் பற்றியது மட்டுமன்று. அந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்து, அந்தக் குளத்து நீரில் விளைந்த அரிசியை உண்டவர்களைப் பற்றியதுமாகும்.

நாஞ்சில் நாடு என்று வழங்கப்படும் தோவாளை, அகஸ்தீஸ்வரம் வட்டங்களின் விசேஷம் அதன் நீர். தமிழகத்தின் பிற பிரதேசங்கள் பெரும்பாலும் ஒரு பருவமழையையே நம்பி நிற்க, இந்தச் சிறு நிலப்பரப்போ தென்மேற்குப் பருவத்தையும் வடகிழக்குப் பருவத்தையும் ஒருங்கே பெறுகிறது; அதனாலேயே கன்னிப்பூ, கும்பப்பூ என்று ஆண்டுக்கு இரு போகம் நெல் விளைவது இங்கே வழிவழியாக வந்த நியதியாயிற்று. ஆயினும் மழை பெய்வது ஒன்று, பெய்த மழையை நிறுத்தி வைப்பது வேறொன்று. மேற்குத் தொடர்ச்சி மலையின் கடைசிச் சரிவிலிருந்து கடல் மிக அருகில் இருப்பதால், மலையில் விழுந்த நீர் தங்குவதற்கு இடமின்றிச் சில மணி நேரத்திலேயே உப்பு நீரோடு கலந்துவிடும். இதை உணர்ந்த முன்னோர், நிலத்தின் சரிவை அணு அணுவாக அளந்தறிந்து, ஒரு குளம் நிரம்பினால் அதன் மறுகால் வழியே வழியும் நீர் அடுத்த குளத்துக்கும், அது நிரம்பினால் அதற்கடுத்த குளத்துக்கும் சென்று, இறுதியில் எஞ்சியது மட்டுமே பழையாற்றின் வழியாக மணக்குடிக் காயலைச் சேருமாறு செய்துவைத்தார்கள். இன்றைய குமரி மாவட்டத்தில் மட்டும் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உண்டு என்றால், அந்த முன்னோரின் சிரத்தை எத்தகையது என்பதை ஊகித்துக்கொள்ளலாம். தேரூர்க் குளத்தைச் சார்ந்த சில குளங்களின் பெயர்கள் ஒன்பதாம் நூற்றாண்டுச் செப்பேடுகளிலேயே காணப்படுகின்றன. பெருங்குளம், பசுங்குளம் என்னும் பெயர்கள் அவற்றுள் அடங்கும்.

குளங்களுக்கு நீர் ஊட்டும் ஏற்பாடும் ஒரே காலத்தில் எழுந்ததன்று. பறளியாற்றின் நீரைத் திருப்பிக் கிழக்கே கொண்டுவரும் பாண்டியன் கால் மிகப் பழையது. அதன் மேல், திருவிதாங்கூர் அரசர் மூலம் திருநாளின் காலத்தில், மிஞ்சின் என்னும் ஆங்கிலேயப் பொறியாளரின் மேற்பார்வையில், 1897ஆம் ஆண்டு தொடங்கி 1906இல் பேச்சிப்பாறை அணை கட்டி முடிக்கப்பட்டது. சுதந்திரத்துக்குப் பின் பெருஞ்சாணி அணையும் அதனுடன் சேர்ந்தது. பேச்சிப்பாறை 48 அடி, பெருஞ்சாணி 77 அடி என்ற முழு நீர்மட்டங்களை மனப்பாடமாகச் சொல்லி, அன்றன்றைய நீர்மட்டத்தைப் பத்திரிகையில் பார்த்த பிறகே மற்றச் செய்திகளைப் படிக்கும் முதியவர்கள் நாஞ்சில் நாட்டு ஊர்களில் இன்றும் உண்டு. ஆகவே இங்கே நாம் ஏரி என்று கண்டு வியப்பது, இயற்கை தானே தந்த கொடையன்று. அரசர்களும் அறியப்படாத ஆயிரமாயிரம் உழவர்களும் கூடித் தலைமுறை தலைமுறையாகக் கரையெடுத்து, மடை வைத்து, வண்டல் வாரி, காப்பாற்றித் தந்த கைவேலை.

இந்த வேறுபாட்டை வற்புறுத்துவதற்குக் காரணம் உண்டு. ஏரிநாடு என்றவுடன் படித்தவர்களின் மனத்தில் எழுவது இங்கிலாந்தின் வடமேற்கு மூலையிலுள்ள மலைசூழ் ஏரிப் பிரதேசம். அங்கே ஏரிகளைத் தோண்டியது பனிப்பாறை. வேர்ட்ஸ்வொர்த் அந்த மண்ணில் பிறந்து, அந்த மலைகளில் நடந்து, கவிதை எழுதியதோடு நில்லாமல், யாத்திரிகர்களுக்கென்று ஒரு வழிகாட்டி நூலும் எழுதினார். 1844இல் விண்டர்மியர் வரை ரயில் பாதை போட முற்பட்டபோது, முதுமையிலும் அதை எதிர்த்துப் பத்திரிகைக்கு எழுதினார். ரயில் வந்துவிட்டது, ஆயினும் அவர் மூட்டிய உணர்ச்சி அணையவில்லை. அந்த ஏரிக்கரையில் வாழ்ந்த ராண்ஸ்லி என்னும் பாதிரியார் உள்ளிட்ட சிலர் முயன்று 1895இல் தேசிய அறக்கட்டளை ஒன்றை நிறுவினார்கள்; 1951இல் அந்தப் பிரதேசம் முழுவதும் தேசியப் பூங்காவாயிற்று; 2017இல் யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. அந்த அங்கீகாரத்தில் நாம் கவனிக்க வேண்டிய அம்சம் ஒன்றுண்டு. ஏரியின் அழகையும் மலையின் உயரத்தையும் மட்டும் கருதி அது அளிக்கப்படவில்லை. நூற்றாண்டுக்கணக்காக அந்த மலைச்சரிவுகளில் ஆடு மேய்த்து, கல்சுவர் கட்டி, அந்நிலத்துக்கு அதன் தோற்றத்தைத் தந்த குடியானவர்களின் வாழ்க்கையும் சேர்ந்தே பாரம்பரியம் என்று ஒப்புக்கொள்ளப்பட்டது. பனிப்பாறை தோண்டிய ஏரிக்கே உழைப்பாளியின் பங்கு உண்டு என்றால், உழவன் கைப்படத் தோண்டிய நம் குளங்களுக்கு அவனை விட்டுவிட்டு ஒரு வாழ்வு ஏது?

நம்மிடமும் ஒரு கவி இருந்தார். 1876இல் தேரூரில் பிறந்து, 1954இல் மறைந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, பிற்காலத்தில் வாழ்ந்த புத்தேரியும் குளத்தங்கரை ஊரே. குழந்தைகளுக்காக அவர் எழுதிய எளிய பாடல்களைத் தமிழகம் முழுவதும் பாடியிருக்கிறது. ஆனால் அந்தப் பாடல்களின் தெளிவுக்குத் தாயகமான அந்த நீர்நிலைகளைப் பார்ப்பதற்கென்று தேரூருக்கு வருவோர் மிகச் சிலர்.

கும்பப்பூ நடவு முடிந்து, வடகிழக்குப் பருவமும் ஓய்ந்து, மார்கழி பிறந்த பிறகு, பொழுது புலரும் வேளையில் தேரூர்க் கரையில் நடப்பவர் பெறும் இன்பத்தை வேறெங்கும் பெறுதல் அரிது. தாமரை இலைகளின் மேல் கால் பதித்து இலைக்கோழிகள் நடக்கும்; நீலத் தாழைக்கோழிகள் கோரைப் புற்களுக்கிடையே மறைந்து வெளிப்படும்; கூழைக்கடாக்கள் கூட்டமாக நீந்திச் சென்று மீனை வளைக்கும்; மத்திய ஆசியாவின் குளிருக்கு அஞ்சி மலையும் பாலையும் தாண்டி வந்த ஊசிவால் வாத்துகள் நடுக்குளத்தில் கருங்கோடாய் மிதக்கும். தீபகற்ப இந்தியாவில் அவை பறந்து வரும் பாதையின் தென்கோடி இதுவே, இதற்கப்பால் சமுத்திரம். சுமார் 250 வகைப் பறவைகள் இங்கே காணப்பட்டிருக்கின்றன. அவற்றில் 53 வலசை வருபவை. இந்தக் காரணத்தினாலேயே 2022இல் சுசீந்திரம், தேரூர் நீர்நிலைத் தொகுதியும், வேம்பனூர்க் குளமும் சர்வதேச முக்கியத்துவம் வாய்ந்த ராம்சார் ஈரநிலங்களாக அறிவிக்கப்பட்டன. முன்னதன் பரப்பு ஏறக்குறைய 94 ஹெக்டேர். பின்னது 20 ஹெக்டேருக்கும் சற்றுக் குறைவு. இந்த எண்களை நினைவில் வைத்துக்கொண்டு மலைக்குச் செல்வோம்.

கொட்டாரத்துக்கு அருகில், பொற்றையடி என்னும் சிற்றூரின் பின்னே எழுவது மருந்துவாழ்மலை. இலங்கைப் போர்க்களத்தில் மயங்கி விழுந்த இலக்குவனை எழுப்புவதற்காக அனுமன் பெயர்த்துச் சென்ற சஞ்சீவி பர்வதத்திலிருந்து சிதறி விழுந்த துண்டே இம்மலை என்பது இங்குள்ளோர் நம்பிக்கை. சுசீந்திரம் தாணுமாலயன் கோயிலில் 18 அடி உயரத்தில் நிற்கும் ஆஞ்சநேயரை வணங்கிவிட்டு வருபவர்களுக்கு, இந்தக் கதை வெறும் கதையாகத் தோன்றுவதில்லை. இம்மலையில் மூலிகைகள் மிகுதி என்பதில் ஐயமில்லை. இவற்றைத் தேடி வைத்தியர்கள் நெடுங்காலமாக வந்துகொண்டிருக்கிறார்கள். அருகிலேயே அகஸ்தியரின் பெயரால் அகஸ்தீஸ்வரம் என்றோர் ஊரும் இருக்கிறது.

ஆனால் இம்மலையின் புனிதம் புராணத்தோடு முடிந்துவிடவில்லை. 1888இல் அருவிப்புறத்தில் சிவலிங்கப் பிரதிஷ்டை செய்து, பிறப்பால் உயர்வு தாழ்வு கற்பித்த சமுதாயத்தையே அசைத்த ஸ்ரீ நாராயண குரு, அதற்கு முன் தவமிருந்தது இம்மலையின் பிள்ளைத்தடம் குகையில்தான். கேரளத்திலிருந்து இன்றும் பக்தர்கள் அந்தக் குகையைத் தேடி வருகிறார்கள். அவருக்கும் முந்திய தலைமுறையில், 1809இல் பிறந்து, சாமித்தோப்பில் இருந்துகொண்டு, ஒடுக்கப்பட்ட மக்களைத் தலைப்பாகை கட்டித் தலைநிமிர்ந்து வழிபடச் செய்து, எல்லாச் சாதியாரும் ஒன்றாக நீரெடுக்கும்படி முத்திரிக்கிணறு அமைத்த ஐயா வைகுண்டரின் வழிவந்தோருக்கும் இது புண்ணிய மலை. ஆக, அனுமனைத் தொழுபவரும், குருவை நினைப்பவரும், ஐயாவை வணங்குபவரும் ஒரே பாதையில் ஒருவருக்கொருவர் வழிவிட்டு ஏறும் இடம் இது. கார்த்திகைத் தீபம் ஏற்றும் நாளில் அந்தப் பாதையில் செல்லும் கூட்டத்தைக் கண்டவர்கள், ஒரு மலை எத்தனை பேருக்குச் சொந்தமாக இருக்க முடியும் என்பதை உணர்ந்திருப்பார்கள்.

ஏற்றம் முதலில் படிகளாகவும், பிறகு பாறைகளும் புதர்களும் நிறைந்த ஒற்றையடிப் பாதையாகவும் செல்கிறது. வெயில் ஏறுமுன் புறப்படுவது நல்லது, கையில் நீர் வேண்டும், அவசரம் கூடாது. இடையிலுள்ள குகைகளில் சற்று அமர்ந்து இளைப்பாறினால், கீழே கேட்டுக்கொண்டிருந்த வாகன ஓசை எப்போது நின்றது என்பது தெரியாமலே நின்றுபோயிருக்கும். உச்சியில் அனுமனுக்கு ஒரு சிறு கோயில் உண்டு. காற்று அங்கே ஒரு கணமும் ஓய்வதில்லை.

உச்சியை அடைந்தவர்கள் வழக்கமாகத் தெற்கே திரும்பிக் கடலையே பார்க்கிறார்கள். மூன்று கடல்களும் வளைந்து தெரியும் அந்தக் காட்சி மகத்தானதுதான். வடகிழக்கே முப்பந்தலில் காற்றாலைகள் சுழல்வதும், வடக்கே மகேந்திரகிரி மேகம் சூடி நிற்பதும் மனத்தைக் கவர்வனவே. ஆனால் நான் வேண்டிக்கொள்வது, மேற்கே திரும்புங்கள் என்பது. கரையில் நின்றபோது தனித்தனியாகத் தெரிந்த குளங்கள், இங்கிருந்து பார்க்கும்போது தனித்தனியானவை அல்ல என்பது விளங்கும். ஒன்றின் கீழ் ஒன்றாக, வாய்க்கால்களால் கோக்கப்பட்டு, நடுவே வயல்களும் ஓரத்தில் தென்னந்தோப்புகளும் சூழ, சுசீந்திரத்துக் கோபுரத்தைச் சுற்றிப் படர்ந்து, மணக்குடிக் காயலிலும் புத்தளத்து உப்பளங்களிலும் சென்று முடியும் ஒரே நீர்க்கோவை அது. குளத்தை வயலிலிருந்து பிரிக்க முடியாது என்ற உண்மையைப் பொறியாளரின் வரைபடத்தைவிடத் தெளிவாக இந்த உச்சி காட்டுகிறது.

அதே தெளிவோடு துன்பமானவற்றையும் காட்டுகிறது. முன்பு பச்சை விரிப்பாக இருந்த வயல் பத்துகளில் சதுரம் சதுரமாக மனைக்கற்கள் நடப்பட்டிருப்பதும், வயலை நடுவில் விட்டுச் சுற்றிலும் வீடுகள் எழுந்திருப்பதும், நாற்கரச் சாலைக்காகக் குவித்த மண் மேடு நீர்ப்பரப்புகளின் ஊடே அறுத்துச் செல்வதும் அங்கிருந்து மறையாமல் தெரிகின்றன. நாஞ்சில் நாட்டின் நெல் வயல் பரப்பு, இரண்டு தலைமுறைக்கு முன் இருந்ததில் சிறு பங்காகச் சுருங்கிவிட்டது. வயல் மனையானால் அந்த வயலுக்கு நீர் தந்த மடை வேலையற்றுப் போகிறது. மடைக்கு வேலையில்லாவிட்டால் வாய்க்காலைத் தூர்வாருவதற்கு ஆளில்லை. தூர்வாராத வாய்க்காலில் புது வீடுகளின் சாக்கடை வந்து சேர்கிறது. அந்தச் சாக்கடை குளத்தில் கலக்க, ஆகாயத்தாமரை குளத்தை மூடுகிறது. மீன் குத்தகை எடுத்த சிலர் தீனியாகக் கோழிக் கழிவைக் கொட்டுகிறார்கள் என்ற குறையும் ஊர்களில் நெடுநாளாகக் கேட்கிறது. குளம் பெயரளவில் குளமாக இருக்கும். அதன் ஜீவன் போயிருக்கும்.

ராம்சார் அறிவிப்பை நான் மனமார வரவேற்கிறேன். அது வந்திராவிட்டால் இன்றுள்ள கவனமும் இருந்திராது. ஆயினும் 94 ஹெக்டேர் நீர்ப்பரப்பைக் கோடு போட்டுக் காப்பாற்றிவிட்டு, அந்த நீரைக் குடித்து வாழ்வதும் அந்த நீருக்கு வழிவிடுவதுமான வயல்களைக் கோட்டுக்கு வெளியே விட்டுவிட்டால், காப்பாற்றப்பட்டது எது? கூழைக்கடாவுக்குக் குளம் போதும் என்று தோன்றலாம். ஆனால் கொக்கும் நாரையும் உள்ளானும் இரை தேடுவது அறுவடையான வயலின் சேற்றிலல்லவா? வயல் போனால் பறவையும் போகும். இதைப் பறவை ஆய்வாளர் சொல்லித்தான் அறிய வேண்டுமென்பதில்லை. ஏர் உழுதவனுக்குப் பின்னே கொக்குகள் நடந்து வருவதைப் பார்த்த சிறுவனும் அறிவான்.

இங்கே எதிர்வாதம் ஒன்று உண்டு. அது நேர்மையான வாதம். நெல் விளைவித்தால் கட்டுப்படியாவதில்லை, கூலிக்கு ஆள் கிடைப்பதில்லை, ரப்பரும் வாழையும் தென்னையும் தரும் வருவாயை நெல் தருவதில்லை, மகளின் கல்யாணத்துக்கும் மகனின் படிப்புக்கும் நிலத்தை விற்பதைத் தவிர வேறு வழியில்லை என்கிறான் விவசாயி. நகரத்திலிருந்து வந்து கரையில் நின்று பறவை பார்ப்பவனின் கண்குளிர்ச்சிக்காக நான் நஷ்டத்தில் நெல் போட வேண்டுமா என்று அவன் கேட்டால், அவனைக் கடிந்துகொள்ள நமக்கு அதிகாரம் கிடையாது. வயலை விற்கக் கூடாது என்று அவனைச் சட்டத்தால் மட்டும் கட்டிப்போடுவது அநீதி. குளத்தைக் காக்கும் பணியை அவன் வயல் செய்கிறது என்றால், அந்தப் பணிக்கு அரசு ஊதியம் தர வேண்டும். அண்டையிலுள்ள கேரளத்தில், நெல் வயலைத் தரிசு போடாமலும் மாற்றாமலும் காப்பாற்றி வரும் உடைமையாளர்களுக்கு ஹெக்டேர் கணக்கில் ஆண்டுதோறும் ஓர் உதவித்தொகை வழங்கும் திட்டம் நடைமுறையில் இருக்கிறது. 1956 நவம்பர் 1 வரை அந்த மக்களோடு ஒரே ஆட்சியில் இருந்த நாஞ்சில் நாட்டுக்கு அத்தகைய ஏற்பாடு புதுமையாகவோ அந்நியமாகவோ தோன்றாது. ராம்சார் குளங்களின் ஆயக்கட்டிலிருந்தாவது அதைத் தொடங்கலாம்.

சுற்றுலாவை வளர்க்கிறோம் என்ற பெயரில் செய்யப்படுவனவற்றிலும் எச்சரிக்கை தேவை. தேரூர்க் குளத்தில் விசைப்படகு விட வேண்டும், கரையில் வண்ண விளக்குகள் பொருத்த வேண்டும், மலைக்குக் கம்பிவட ஊர்தி அமைக்க வேண்டும் என்றெல்லாம் நல்லெண்ணத்தோடு கேட்பவர்கள் இருக்கலாம். நான் அவற்றுக்கு உடன்பட மாட்டேன். முதியவர்களுக்கும் நடக்க இயலாதவர்களுக்கும் மலையடிவாரத்துக் கோயிலும் குளக்கரையும் எளிதில் எட்டுமாறு செய்வது கடமை. ஆனால் உச்சிவரை ஊர்தி ஏறினால், கோடைக்கானலிலும் ஏற்காட்டிலும் நாம் கண்ட கடைத்தெருவை இன்னோரிடத்திலும் காண்போமேயன்றி, மலையைக் காண மாட்டோம். குருவும் சித்தர்களும் தேடி வந்த தனிமை அந்த மலையின் செல்வங்களில் தலையாயது. மூலிகைகள் தழைப்பதற்கும் அதுவே துணை. பௌர்ணமியன்றும் தீபத்தன்றும் கூட்டம் விட்டுச் செல்லும் பிளாஸ்டிக் பைகளையும் தண்ணீர்ப் புட்டிகளையும் அடிவாரத்திலேயே தடுத்து நிறுத்த ஒரு சாவடியும், வழியில் குடிநீரும், பாதை பிசகாமலிருக்கச் சில அடையாளக் கற்களும் போதும். குளக்கரைக்கு வேண்டியவை இன்னும் சில: நிழல் மரங்கள், மரத்தடியில் அமரக் கல்பலகைகள், எந்தப் பறவை எப்போது வரும் என்று தமிழில் எழுதிய ஒரு பலகை.

பள்ளிக்கூடங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. நாகர்கோவிலின் மாணவர்களை உதகைக்கும் மைசூருக்கும் சுற்றுலா அழைத்துச் செல்வதோடு, வருஷத்தில் ஒரு நாளாவது, காலையில் தேரூர்க் கரையில் நடக்கவிட்டு, பகலில் சுசீந்திரத்தில் தங்கவைத்து, மாலை வெயில் தணிந்தபின் மருந்துவாழ்மலையில் பாதி தூரமாவது ஏற்றி, தங்கள் ஊர்க் குளம் எந்தக் குளத்திலிருந்து நீர் பெறுகிறது, எந்தக் குளத்துக்கு நீர் தருகிறது என்பதை அவர்களே கண்டு சொல்லும்படி செய்தால், பூகோளப் பாடம் இதைவிடச் சிறப்பாக அமையாது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்றிருக்கிறது. கன்னிப்பூ சாகுபடிக்காக ஜூன் மாதத் தொடக்கத்தில் பேச்சிப்பாறை அணையைத் திறப்பது வழக்கம். திறந்த நீர் கடைமடைக்கு வந்து சேர்வதில்லை என்ற புகார் வருஷந்தோறும் எழுகிறது. அதற்குப் பெரும்பாலும் காரணம் தூர்ந்துபோன சானல்களே. ஆகவே சித்திரை, வைகாசி மாதங்களிலேயே, அனந்தனார் கால், தோவாளைச் சானல், தேரேகால் ஆகியவற்றையும் அவற்றின் கிளை வாய்க்கால்களையும் நீர்வளத் துறையும் ஊராட்சிகளும் பாசன சபைகளும் கூடித் தூர்வாரி, நாற்கரச் சாலையின் மண்மேட்டில் நீரோட்டம் தடைப்படும் ஒவ்வோரிடத்திலும் போதுமான அகலத்துக்குப் பாலம் அமைத்து, மீன் குத்தகைச் சீட்டில் கழிவு கொட்டினால் குத்தகை ரத்து என்ற ஷரத்தைச் சேர்த்து, எந்தெந்தக் குளத்துக்கு எந்தெந்த நாளில் நீர் வரும் என்ற பட்டியலை அந்தந்த ஊர்க் கோயில் வாசலிலும் கூட்டுறவுச் சங்கத்திலும் ஒட்டிவைக்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டாம். மாவட்ட ஆட்சியரின் உத்தரவும், அந்த உத்தரவு நிறைவேறுகிறதா என்று வாரந்தோறும் கரையில் வந்து நின்று பார்க்கும் ஒரு பொறுப்பான அதிகாரியும் போதும்.